கடற்கரைப் பள்ளி வீதியில் மாரி

(கல்முனையில் நடந்த ஊர் நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தச் சபையின் பின்வரிசையில் தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். இன்றைய பேச்சுக்கு முன்வரிசையில் இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

'பழைய தெருவின் மாரிகால நினைவுகள்' என்று தலைப்புத் தந்தார்கள். எந்தத் தெரு என்று சொல்லவில்லை. நான் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி வீதியை எடுத்துக்கொள்கிறேன். பிரதான வீதியிலிருந்து கிழக்கே போய், நாகூர் ஆண்டவர் பெயரால் எழுந்த கடற்கரைப் பள்ளியடியில் முடிகிற வீதி. மருதமுனைக்காரர் அவரவர் தெருவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுக்காரரும் அப்படியே. மேற்கே வயல், நடுவே மணல் மேட்டில் பெருந்தெரு, கிழக்கே கடல். இந்த அமைப்பு நம் எல்லோருக்கும் பொது.

பழைய மாரியைப் பற்றி நம்மூரில் யாரைக் கேட்டாலும் மூன்று ஆண்டுகள்தான் வாயில் வரும். ஐம்பத்தேழு வெள்ளம், எழுபத்தெட்டுச் சூறாவளி, இரண்டாயிரத்து நாலில் கடல் வந்தது.

1957 டிசம்பரில் நாடு முழுவதும் பெருவெள்ளம். இங்கினியாகலையில் கல்லோயா அணை கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வானத்தைப் பார்த்துப் பயந்து பழகிய சனம் முதன்முதலாக அணையை நினைத்து மேற்கே பார்த்துப் பயந்த மாரி அது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையில் சூறாவளி ஏறியது. நம் பக்கத்துக் கூரைத் தகடுகள் பறந்தன, தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. 2004 டிசம்பர் 26, போயா நாள், ஞாயிறு காலை, சுனாமி. இந்த நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். அதைப் பற்றி இந்தச் சபையில் நான் விவரிக்கத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவரையாவது இழக்காதவர் இங்கு எத்தனை பேர் இருப்பீர்கள்?

இந்த மூன்றும் நமக்கு நாட்காட்டியாகிவிட்டன. "சூறாவளிக்கு இவன் கைப்பிள்ளை", "வெள்ளத்துக்கு முந்தின கலியாணம்" என்றுதான் வயதையும் காலத்தையும் கணக்கிடுகிறோம். நினைவுக்கூட்டம் நடத்தினால் இந்த மூன்றுக்குத்தான் நடத்துகிறோம். அரச ஆவணமும் பத்திரிகைச் செய்தியும் புகைப்படமும் இவற்றுக்குத்தான் இருக்கின்றன.

ஆனால் 1957க்கும் 2004க்கும் நடுவில் 46 மாரிகள் வந்து போயிருக்கின்றன. சூறாவளி மாரியைக் கழித்தால் 45. அந்த 45 மாரியிலும் இந்த வீதியில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை என்பீர்கள். அந்த ஒன்றும் நடக்காத மாரியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நம் பக்கத்தில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாக்காரர் கேட்டால் இதையா குளிர் என்று சிரிப்பார். ஆனாலும் வாடைக் காற்று கடலிலிருந்து நேரே தெருவுக்குள் நுழைகிறபோது, சுபஹுக்குப் போகிற பெரியவர் சாரனைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போவார். முதலில் மாறுவது கடலின் சத்தம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கரைவலை இழுத்த கடல் ஆளை அண்டவிடாது. தோணிகளை மேட்டுக்கு ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த நாளிலிருந்து வீதியின் கிழக்குப் பாதி கடனில் சாப்பிடத் தொடங்கும். கடைக்காரரின் கொப்பியில் பெயர் ஏறும்; பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியதும் தீரும், அல்லது தீராது.

வீதியின் மேற்குப் பாதிக்கு இதே மாரி வேறு கணக்கு. அங்கே வயல்காரரும் போடிமாரும் வயலில் கூலிக்கு நிற்பவர்களும் இருந்தார்கள். வேளாண்மை பச்சை பிடித்து நிற்கும். மழை நின்றாலும் கவலை, நிற்காவிட்டாலும் கவலை. "அம்பாறைக் குளம் திறந்தாச்சாம்" என்ற செய்தி தேத்தண்ணிக் கடைக்கு வந்தால், வட்டைக்குள் காவலுக்கு நிற்கிறவனை நினைத்து ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே மழை ஒரே வீதியில் ஒரு வீட்டுக்குப் பசியாகவும் இன்னொரு வீட்டுக்கு விளைச்சலாகவும் பெய்தது. நாம் எல்லாரும் ஒன்றாக மழையை ரசித்தோம் என்று கவிதை படிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கடல்மீன் இல்லாத நாளில் என்ன சாப்பிட்டோம்? வயலும் வாய்க்காலும் நிரம்பினால் பனையானும் கணையானும் விராலும் கெளுத்தியும் ஏறிவரும். கரப்போடு போகிறவர்கள், வெறுங்கையோடு போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறேன் என்று வெளிக்கிட்டு அங்கே போகிறவர்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்து இடிசம்பலோடு வைத்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. பிட்டும் கருவாட்டு ஆணமும் பணக்கார வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஒரே மணத்தில் வந்தது மாரியில் மட்டும்தான். கிணற்றுக்குக் கயிறு தேவைப்படாது; குனிந்து வாளியால் அள்ளலாம்.

மருதமுனையில் இதே நாட்கள் நெசவுக்காரருக்குச் சோதனை. சாயம் போட்ட நூல் காய வெயில் வேண்டும். வெயில் இல்லாத வாரத்தில் தறிச் சத்தம் குறையும். தெருவில் நடக்கிறவருக்கு ஊர் நோய்ப்பட்டுக் கிடப்பதாகத் தோன்றும். பெருநாள் அடுத்து வந்தால் சாரனுக்கு முன்பணம் வாங்கியவர் பாடு பெரும்பாடு.

பெருநாள் என்றதும் ஒன்று. நம்முடைய நோன்பு எல்லாப் பருவத்தையும் சுற்றிவருவது. 1960களின் பிற்பகுதியில் நோன்பு மாரிக்குள் வந்தது. பிறகு 1998 தொடக்கம் சில ஆண்டுகள் மறுபடி வந்தது. 2030இல் மீண்டும் டிசம்பரில் நோன்பு பிடிப்போம், இன்ஷா அல்லாஹ். ஆகவே மாரி நோன்பின் நினைவு ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறைக்குத்தான் கிடைக்கிறது. வயது எழுபதைத் தாண்டியவரையும் முப்பதுகளின் கடைசியில் இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இருவரும் ஒரே மழைக்குள் கஞ்சிக் கோப்பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்வார்கள். நடுவில் ஐம்பதுகளில் இருப்பவர், பாவம், பிள்ளை வயதில் வெயில் நோன்புதான் பார்த்தார்.

மாரி நோன்பில் சஹருக்கு எழுப்ப வருகிற பாவாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஈரத்தில் ரபான் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிவிடும். முதல் வீட்டு அடுப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டுதான் தெருவுக்குள் இறங்குவார். நாலைந்து வீடு தாண்டியதும் திரும்பவும் அமுங்கும். பிறகு வெறும் குரல்தான். பள்ளியில் ஒலிபெருக்கி வந்து, கையடக்கத் தொலைபேசி வந்து, பாவா வருவது அருகிவிட்டது. வருத்தப்பட்டு என்ன செய்ய? ஆனால் அவர் எந்த வீட்டு அடுப்பில் ரபானைக் காய்ச்சினார் என்பது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மார்கழி விடியலில் இன்னொரு சத்தம். ஊர் எல்லையில் இருக்கிற ஒழுங்கைகளில் படுத்திருப்பவருக்கு, திருவெம்பாவைக்காரரின் சங்கும் சேமக்கலமும் ஒரு பக்கமும் சுபஹு பாங்கு மறுபக்கமும் கேட்கும். நத்தார் நெருங்கினால் கோயில் மணியும் சேரும். இதைச் சொன்னால் உடனே கைதட்டி நல்லிணக்கம் என்று எழுதிவிடுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அடுத்த வரியில் இதையும் எழுதுங்கள்: 1985இலும் 1990இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே மூண்ட வன்முறைக்குப் பிறகு இதே எல்லை ஒழுங்கைகளில் மழை இரவு என்றால் பயம். மழைச் சத்தத்துக்குள் காலடிச் சத்தம் கேட்காதே என்று இரு பக்கத்தாரும் தூங்காமல் இருந்த மாரிகளும் அந்த 45க்குள் இருக்கின்றன.

இனிப் பின்வரிசைக்கு வருகிறேன்.

நான் இவ்வளவும் சொன்னேனே, நான் இந்த வீதியில் பிறந்தவன் அல்லன். மாப்பிள்ளையாக வந்தவன். சபையில் இருக்கிற ஆண்களில் பெரும்பாலோர் என்னைப் போலத்தான். நம் கரையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். உம்மாவின் வளவுக்குள்ளேயோ பக்கத்திலேயோ மகளுக்கு வீடு எழும்பும், அவள் தங்கைக்கு அடுத்தது எழும்பும். இது முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ளதல்ல, இந்தக் கரையின் தமிழருக்கும் உள்ள வழக்கம். அக்கரைப்பற்றில் 1969 முதல் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் தாய்வழிக் குடியையும் சீதன வீட்டையும் பற்றி விரிவாக எழுதி, 2008இல் பெரிய நூலாகவே கொண்டுவந்தார்.

அதன் பொருள் என்ன? எழுபது வயது ஆண் ஒருவரிடம் இந்த வீதியின் பழைய மாரியைக் கேட்டால், அவர் சொல்வது இன்னொரு தெருவின் மாரி. அவர் பிள்ளையாக நனைந்தது உம்மாவின் தெருவில். குடையோடு வந்து குடியேறியதுதான் இங்கே. பிறந்த இடத்திலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, ஒரே வளவில் ஒவ்வொரு மாரியையும் பார்த்தவர்கள் பெண்கள்தான். தெருவின் தொடர்ச்சியான ஞாபகம் அவர்களிடம் இருக்கிறது. எழுதுவது மட்டும் பெரும்பாலும் நாங்கள்.

எழுதியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. எம்.ஏ. நுஃமானின் 1983 கவிதைத் தொகுப்பின் பெயரே 'மழை நாட்கள் வரும்'. சோலைக்கிளி 'பொன்னாலே புழுதி பறந்த பூமி'யில் பழைய கல்முனையை உரைநடையில் கொண்டுவந்து நிறுத்தினார். மருதமுனைக்கு மருதூர்க்கொத்தன் இருந்தார். இவ்வளவு சிறிய கரைக்கு இது பெரிய கொடை. ஆனால் நான் சொன்ன பெயர்களைப் பாருங்கள், எல்லாம் ஆண்கள். வீட்டுக்குள்ளிருந்த மாரி, கிணற்றடியில் நின்ற மாரி, கோடிப்பக்கத்து மாரி இன்னும் போதுமான அளவு எழுத்துக்கு வரவில்லை.

அந்த மாரியில் என்ன இருக்கிறது? நான் என் மாமியிடம் கேட்டேன். மழையின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் போன வழியைச் சொன்னார். எங்கள் வளவுத் தண்ணீர் ராத்தா வளவு வேலிக்கடியால் போய், அங்கிருந்து பின்வளவு மாதுளையடியால் இறங்கி, ஒழுங்கையைக் குறுக்கே வெட்டி எங்கே சேர்ந்தது என்று ஒவ்வொரு வளவாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் கிடுகு வேலி. கோடிப்பக்கத்தில் ஒவ்வொரு வேலியிலும் ஒரு கடப்பு இருக்கும். வீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறபோது பெண்கள் வீதிக்கே இறங்காமல் அக்கா தங்கை வளவுகளுக்குள்ளாலேயே அந்தத் தலைக்குப் போய் வருவார்கள். நெருப்பு, உப்பு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொத்தமல்லித் தண்ணி, பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவிச்சி, எல்லாம் அந்த வழியால்தான். மனிதர் போன வழியால்தான் தண்ணீரும் போனது. முன்பக்கத்து வீதியை நாம் தெரு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாரியில் உண்மையான தெரு பின்பக்கத்தில் இருந்திருக்கிறது.

இப்போது அது இல்லை. அதை மூடியதும் நம்முடைய வழக்கம்தான். ஒரு வளவு மூன்று மகளுக்கு மூன்றானது, பேத்திகளுக்கு ஒன்பதானது. கிடுகு போய் மதில் வந்தது. மதிலில் யாரும் கடப்பு வைப்பதில்லை. முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம். இலங்கையிலேயே நெருக்கமாக ஆட்கள் வாழும் கரைகளில் ஒன்றாக நம் கரை ஆனது இப்படித்தான். தெருவின் ஞாபகத்தைக் காத்த அதே சீதன வீடு தெருவின் தண்ணீரை அடைத்தும் விட்டது. யாரைக் கோபிப்பது? மகளுக்கு வீடு கொடுக்காதே என்று எந்த வாப்பாவிடம் சொல்வது? ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கொடுக்கிற வீட்டின் வரைபடத்தில் தண்ணீர் போக ஒரு முழம் விடச் சொல்வதற்கு, அது எந்தப் பக்கத்தால் போனது என்று தெரிந்த ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். அவரை நாம் கேட்பதில்லை.

வளவு அளவில் நடந்தது ஊர் அளவிலும் நடந்தது. சாய்ந்தமருதில் கடலோடு சேரும் நீரோடையான தோணா இருக்கிறது. மாரி பிந்தினாலும் முந்தினாலும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று கரையில் கூடிப் பேசி முடிவெடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு மாநகர சபைக்குத் தொலைபேசி எடுக்கிறோம், பிறகு இயந்திரம் வருகிறது. (இந்த இடத்தில் கல்முனை மாநகர சபை ஒன்றாக இருப்பதா நாலாகப் பிரிவதா என்ற வழக்கை யாரும் கிளப்ப வேண்டாம்; தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.) மேற்கே கரைவாகு வட்டையின் ஓரங்கள் நிரம்பிக் கட்டடங்கள் எழும்பின. வயல் வாங்கிக்கொண்ட தண்ணீரை இப்போது தெரு வாங்குகிறது. கிட்டங்கித் தாம்போதி ஒவ்வொரு பெருமழைக்கும் மூழ்குகிறது.

2024 நவம்பர் 26ஐ மறந்திருக்க மாட்டீர்கள். காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில், பெருக்கெடுத்த வெள்ளத்துக்குள், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளின் ஜனாஸாக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தோம். அந்த நாளும் இனி நம் நாட்காட்டியில் நாலாவதாக ஏறிவிடும். ஆனால் அந்த வீதியில் எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும், எந்த இடத்தில் இழுவை கூடுதல் என்பது சாதாரண மாரிகளில் அதைக் கடந்து போனவர்களுக்குத் தெரிந்த விஷயம். பெரிய நாட்களை மட்டும் நினைவு வைத்திருக்கிற ஊர் சின்ன நாட்களில் கற்றதைத் தொலைத்துவிடுகிறது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

சுனாமிக்குப் பிறகு இந்தத் தொலைதல் வேகமாகியது. கடலோரம் 65 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கிழக்குப் பாதி கலைந்தது. அக்கா ஒரு வீட்டுத் திட்டத்துக்கும் தங்கை இன்னொரு திட்டத்துக்கும் போனார்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. வீடு கிடைத்த இடத்திலும் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் ஆணின் பெயர் போனது. பெண்ணின் பெயரில் இருந்த சீதன வளவு கடலோடு போக, பதிலாக வந்த வீட்டின் உறுதி கணவன் பெயரில் வந்தது. இதை யாரும் பெரிய அநியாயம் என்று அப்போது கூவவில்லை. இருந்த துக்கத்தில் அதற்கு நேரமில்லை. ஆனால் தாய்வழியே தெருவைக் கைமாற்றிக்கொடுத்த சங்கிலியில் ஒரு கண்ணி அங்கே கழன்றது.

கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் பிறையோடு நடப்பது. அது கடந்த சில ஆண்டுகளாக மாரிக்குள் வந்து நிற்கிறது. கச்சான் கடையும் தொதல் கடையும் தறப்பாளுக்குக் கீழே. கந்தூரிக்கு வேறு ஊர்களுக்கும் திட்டங்களுக்கும் போன பெண்கள் எல்லாரும் வருவார்கள். அந்தப் பன்னிரண்டு நாளில் இந்த வீதியின் பழைய ஆட்கள் இந்த வீதிக்குள்ளேயே இருப்பார்கள். கேட்க நினைக்கிறவருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புவியியல் படிக்கிற பிள்ளைகளும் தமிழ் படிக்கிற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அதிலும் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களிடம்தான் என் வேண்டுகோள். பெரிய ஆய்வு வேண்டாம், நிதி வேண்டாம். ஒவ்வொருவரும் தன் உம்மம்மாவின் வளவை ஒரு தாளில் வரையுங்கள். கிணறு எங்கே, கடப்பு எங்கே, தண்ணீர் முதலில் நின்ற இடம் எது, ஆகக் கடைசியாக வடிந்த இடம் எது, எந்த மாரியில் எந்தப் படி வரை ஏறியது, அந்த இரவு பிள்ளைகளை எந்த வீட்டில் படுக்கவைத்தார்கள், யார் வீட்டு அடுப்பில் நெருப்பு இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஒரு வீதிக்கு இருபது தாள் சேர்ந்தால் அதை மாநகர சபையின் பொறியியலாளர் மேசையில் கொண்டுபோய் வைக்கலாம், ஒரு பிரதியை ஸாஹிறாக் கல்லூரி நூலகத்திலும் மஹ்மூத் மகளிர் கல்லூரி நூலகத்திலும் வைக்கலாம்.

57 வெள்ளத்தைப் பிள்ளையாகப் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஐப்பசிக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "உம்மா, எங்கட வளவுத் தண்ணி முந்தி எந்தப் பக்கத்தால போன?"